மட்டக்குளியில் ஒரு படிவம்

"உங்கட அம்மா பெத்த பிள்ளைகள் எத்தினை?"
பிலோமினா விரல் மடக்குகிறாள்,
நகத்தில் சூடைச் செதில்.
ஆறு. பொறு, கிளமென்ஸோட ஏழு.

கிளமென்ஸ் றோலரில் போனவன்.
மரணப் பத்திரம் இல்லை;
கடலுக்கு எந்தக் கிராம சேவகர்?

படிவத்தில் மூன்று கட்டம்:
உயிருடன், இல்லை, தெரியாது.
என் பேனை மூன்றாவதற்கு நகர,
"முப்பத்துநாலு எண்டு வயசைப் போடு பிள்ளை,
மற்றதைப் பிறகு பாப்பம்.
என்னையும் சேர்த்திட்டியா?"

பதில் சொல்பவரைச் சேர்ப்பதில்லை, அக்கா.
சிரித்தாள்.
"அப்ப நான்தான் சாகாத ஆள்."

அடுத்த கதவில் பூட்டு.
நாலு சகோதரங்கள் இருந்தவையாம்.
சொல்ல ஒருத்தரும் மிஞ்சாத வீடு,
என் கணக்கில்
சாவே நடக்காத வீடு.

விதிப்படி மூன்று தரம் தட்டிவிட்டுச்
செருப்பை மாட்டினேன்.