வாவில் முடியும் வினைகள்

லியூப்லியானாவில், ஆற்றை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில்
பதினோரு கோடிச் சொற்கள் இருக்கின்றன.
எடை ஒன்றுமில்லை. ஒரு மின்விசிறி இரைகிறது, அவ்வளவுதான்.
நீதிமன்றப் படிவம், முட்டைக்கோஸ் ஊறுகாய்ச் செய்முறை,
தேனீ வளர்ப்போர் சங்கக் கூட்டக் குறிப்பு, பல் மருத்துவர் ரசீது
எல்லாம் ஒரே பந்தியில்.

ஒரு சொல்லைக் கேட்டால்
திரையின் நடுவே ஒன்றன்கீழ் ஒன்றாக
முதுகெலும்பு மாதிரி வந்து நிற்கும்.
இடப்பக்கம் பாதியில் அறுந்த வாக்கியம்.
வலப்பக்கம் பாதியில் அறுந்த வாக்கியம்.
யார் சொன்னது, சொல்லிவிட்டு எங்கே போனார்
என்பதெல்லாம் விலாவுக்கு வெளியே.

இந்த ஊர் மொழியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருமை என்றொரு படி உண்டு.
கிரேம்: போகிறேன்.
கிரேமோ: போகிறோம், மூவரோ முப்பது பேரோ.
கிரேவா: போகிறோம், இரண்டே பேர்.
மிலோய்காவுக்கு இவை விகுதிகள்.
எனக்கு வாய்த்தது தமிழ்க் காது.
ம் என்றால் யாரோ உம் கொட்டுகிறார்கள்.
மோ என்றால் வருமோ வராதோ.
வா என்றால்
வா.

சென்ற வாரம் ஒரு நாட்குறிப்பு உள்ளே வந்தது.
மலை முகட்டு வானிலை நிலையம், ஓர் அறுபதுகளின் குளிர்காலம்,
ஓஷ்போல்ட், வீன்கோ என்று இரண்டு பணியாளர்கள்.
எழுதியவர் ஓஷ்போல்ட்.
காலை ஏழு, பகல் இரண்டு, இரவு ஒன்பது
மேரிவா, அளக்கிறோம்.
கீதவா, பனி அள்ளுகிறோம்.
பியேவா, தேநீர் குடிக்கிறோம்.
கடைசியாக அடுப்பைப் பற்றி ஒரு வசவு.

பிப்ரவரி ஒன்பது: வீன்கோவுக்குக் காய்ச்சல்,
சறுக்குப் படுக்கையில் கட்டி இறக்கிக்கொண்டு போனார்கள்.
பத்தாம் தேதித் தாளின் தலைப்பில்
பணியில் இருப்போர்: 1.
கீழே, மேரிவா.
கீதவா. பியேவா.
பதினோரு நாள், நாற்பத்தேழு வினைகள்,
ஒன்றுகூட ஒருமைக்கு இறங்கவில்லை.

நிரலுக்கு எதுவும் உறைக்கவில்லை.
நாற்பத்தேழையும் இருமைக் கணக்கில் வைத்து
அடுத்த கோப்புக்குப் போய்விட்டது.
தலைப்பில் இருந்த ஒன்றைப் பார்த்தது மிலோய்காதான்.

பிழை என்றார் காஷ்பெர். கைப்பழக்கம்,
பேனா தன் போக்கில் ஓடியிருக்கிறது.
பழக்கம் என்றால் முதல் நாளோடு போயிருக்கும் என்றார் மிலோய்கா.
பிறகு யார் அந்த இரண்டாவது ஆள்?
பள்ளத்தாக்கிலிருந்து வானொலியில் பேசுபவரா?
காற்றளவிக் கம்பமா?
பதினான்கு பக்கக் கையேட்டில் இதற்கு விதியில்லை.
இருவரின் உடன்பாட்டு விகிதம்
அந்த ஒரு கோப்பில் பாதாளத்துக்குப் போயிற்று.
தமிழில் எழுதியிருந்தால்
நாங்கள் என்று போட்டுத் தப்பித்திருப்பார் மனிதர்,
எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது.

பசி வந்து சண்டையை நிறுத்தியது.
கிரேவா? என்று கோட்டை எடுத்த காஷ்பெர்
என்னைப் பார்த்துவிட்டு
கிரேமோ என்று திருத்திக்கொண்டார்.
பார்லி சூப்பும் கறுப்பு ரொட்டியும்.
யாரும் நாட்குறிப்பைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பி வந்து மீதியைப் படித்தோம்.
இருபத்தொன்று, பகல் இரண்டு:
பொஸ்லுஷம், வானொலி கேட்கிறேன்.
ஒருமை.
அதற்குப் பிறகு ஆறு நாளுக்கு வினையே இல்லை.
மைனஸ் பத்தொன்பது. 212. வடமேற்கு, 31.
மைனஸ் இருபத்திரண்டு. 240. வடக்கு, 44.
மூன்று வேளையும், தவறாமல், நேர்கோட்டில்.
எண்களை எங்கள் தரவகம் சொல்லாகக் கணக்கிடுவதில்லை.

காஷ்பெர் எதுவும் சொல்லாமல் விசைப்பலகையை இழுத்து
நாற்பத்தேழு இடத்திலும்
தான் போட்ட பிழைக்குறியை அழித்தார்.
ஒவ்வொன்றாக. மொத்தமாக அழிக்கும் வழி அவருக்குத் தெரியும்.

கட்டம் காலியாக இருக்கிறது, சேமிக்க முடியாது
என்றது நிரல்.
ஆறு மணிக்கு விளக்கை அணைக்கும்வரை
நாங்களும் சேமிக்கவில்லை.