இடப்பக்கம் காலடி

கச்சான் காற்று எழும்பிய கிழமைதான் தொடங்கியது.
பாலையூற்றில் மாடியறை, ஆடி மாதம்,
நள்ளிரவிலும் சுவர் சுடும்.
துப்பாக்கி வெடிக்கும்போது இரைந்தால் பரவாயில்லை.
வெடிக்காத நேரத்திலும் காதுக்குள்
எண்ணெய்ச் சட்டியில் கீரிமீன் போட்ட மாதிரி.

"உங்கட பக்கமா லோஜினி, என்ட பக்கமா?"
கிண்ணியாவிலிருந்து அஸ்மிர்.
"தெரியேல்ல. ஆரோ வாறான்,
எந்தப் பக்கமெண்டு கேக்கேல்ல" என்று முடிப்பதற்குள்
இருவரும் செத்திருப்போம்.

முதலில் ஹெட்செட்டைக் குற்றம் சொன்னேன்.
தம்பி விட்டுப்போன பழசை மாட்டினேன், அதிலும் பொரிந்தது.
டிரைவரை அழித்தேன், ஏற்றினேன்,
திரும்ப அழித்தேன்.
நாற்பத்து நாலாயிரத்து நூறு என்றிருந்ததை
நாற்பத்தெட்டாயிரம் ஆக்கினேன்.
கொஞ்சம் மெலிந்தது.
கிராபிக்ஸ் கார்ட் சூடேறியதும் பழையபடி கொழுத்தது.

வயரை முன்துளையிலிருந்து பின்துளைக்கு மாற்ற
மேசையடியில் தவழ்ந்தபோது
வெறுங்கால் கேசிங்கின் தகரத்தில் பட்டது.
நின்றுவிட்டது.
காலை எடுத்தேன். கறகற.
வைத்தேன்.
ஒன்றுமில்லை.

அன்றிரவு முழுக்க
இடது பெருவிரலைத் தகரத்தில் ஊன்றியபடியே விளையாடினேன்.
நான்கு வெற்றி.
விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம்,
விடியும்வரை.

வங்கியால் வந்து பார்த்தால்
வீட்டுக்காரர் அனுப்பிய வயர்மன் யோகதாசன்
சொக்கெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு நிற்கிறார்.
பச்சையும் மஞ்சளுமான ஏர்த் வயரை
யாரோ மடித்து, கறுப்பு டேப் சுற்றி,
மூலையில் ஒதுக்கியிருந்தார்கள்.
"வேலை தெரிஞ்சவன்தான் செய்திருக்கிறான்,
ஏன் செய்தானெண்டுதான் விளங்கேல்ல."
கிணற்றடியில் ஏர்த் கம்பியைச் சுற்றி மண் பிளந்து கிடந்தது.
"மழை வரும்வரைக்கும்
கிழமைக்கு ரெண்டு வாளி ஊத்துங்கோ தங்கச்சி."
ஊற்றினேன். நுரை கட்டி, குமிழி விட்டு,
ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கியது.
அவருக்கு ஆயிரத்தைந்நூறு.

இரவு பத்து மணிக்கு உள்ளே போனேன்.
புல் அசைவது கேட்டது.
எங்கோ கண்ணாடித் துண்டொன்றை மிதிப்பது கேட்டது.
அஸ்மிர் மூச்சு விடுவது,
அவன் முதுகுக்குப் பின்னால் ஏசியின் உறுமல்.
அவன் வீட்டில் ஏசி இல்லை.
மேற்கட்டில் கிரீச்சிட,
யாரோ மலையாளத்தில் போனில் சிரித்தார்கள்.

பத்தரை இருக்கும்.
அவன் பக்கமிருந்து, மூடிய யன்னலுக்கு வெளியே போல,
பாங்கு சொன்னது.

கிண்ணியாவில் இஷா பாங்கு சொல்லி
மூன்று மணித்தியாலம் ஆகப்போகிறது.

சட்டென்று மைக்கை அணைத்தான்.
கொஞ்சம் கழித்து வந்து,
"லைன் போயிட்டு" என்றான்.

போன மாதத்திலிருந்து அவனுடைய பிங் நூற்று நாற்பது.
டவர் பழுது என்றிருந்தான்.
நானும் நம்பி, இரவிரவாக,
ரவுட்டரில் இதை மாற்று, அதை மாற்று என்று சொல்ல,
ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்தவன் போலவே
"இல்ல, குறையேல்ல" என்று
வருத்தத்தோடு சொல்லிக்கொண்டிருந்தான்.

கேட்டிருக்கலாம்.
எந்த நாடு, எப்போது ஏறினாய்,
அந்த இரும்புக் கட்டிலில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறாய்.
பொரியும் சத்தத்துக்குள்
நீயாகச் சொல்லி நான் கேட்காமல் விட்டதுண்டா.

அப்போது காலடி.
மணலில் இல்லை, பலகையில்.
இரண்டு பேர்.
அவ்வளவு துல்லியமாகக் கேட்டது.

"இடப்பக்கம்" என்றேன்.
அந்தச் சொல் கடல் தாண்டிப் போய்
அவன் திரும்பும்வரைக்கும்
நான் தனியே சுட்டுக்கொண்டிருந்தேன்.