ஒரு வோட்டுள்ள முகாம்

தேர்தல் தேதி அறிவிக்கும்வரை
ஜி.என்.டி. ரோட்டுச் சுவர்களில் எழுதுபவன் நான்.
அறிவித்த அன்றிரவே
அதே சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பவனும் நான்.
இரண்டுக்கும் தனித்தனிக் கூலி.
“உனக்கின்னாடா சிலோன், ஓட்டே போடாம
வருஷா வருஷம் நீதான் ஜெயிக்கிற”
என்பார் எத்திராஜுலு மேஸ்திரி.

உங்கள் பொன்னான வாக்கு.
நூல் பிடித்து, நீலத்தூள் தட்டி,
முழ உயரத்துக்கு ‘உ’வைச் சுழித்து
முப்பது சுவருக்கு மேல் எழுதியாயிற்று.
இலக்கணம் தெரிந்தவர்கள் வந்து பார்க்கலாம்:
‘நமது’ என்று ஓரிடத்திலும்
கை தவறவில்லை.

முகாம் வாசல் போர்டும் என் எழுத்துதான்.
‘அகதிகள்’ மேல் வெள்ளை அடித்து
‘மறுவாழ்வு’ எழுதச் சொன்னார்கள்.
ஐப்பசியில் ஏரிக்காற்று ஈரம் ஏற்றினால்
பழைய சொல்லின் ‘அ’ மட்டும்
புதுச் சொல்லுக்குப் பின்னால் தெரியும்.
ஒரு கோட்டிங் குறைத்துவிட்டேன் என்கிறார் மேஸ்திரி.
இருக்கலாம்.

அக்கா சுகந்தினி மண்டபத்தில் பிறந்தவள்.
எண்பத்தேழு, ஜூன் இருபத்தெட்டு.
ஜூலை ஒன்றிலிருந்து சட்டம் வேறு.
அம்மாவுக்கு வலி மூன்று நாள் பிந்தியிருந்தால்
அவளும் என்னைப்போல்
‘சட்டவிரோதமாகக் குடியேறியவர்’.
நான் எங்கிருந்தும் குடியேறவில்லை.
தொண்ணூறு நவம்பரில், இதே காவாங்கரையில்,
அடைமழையில் ஒழுகிய கொட்டகைக்குள்
அம்மாவிடமிருந்து வெளியே வந்தேன்.
அந்த ஒரு பயணம்தான்
என் கணக்கில் இருக்கிறது.

வக்கீல் ரோஸ்லின் ஆறு வருஷம்
அந்த மூன்று நாளைப் பிடித்துக்கொண்டு
ஐகோர்ட்டுப் படி ஏறினார்.
தடுப்பூசிச் சீட்டு, பாதி கரையான்.
பிறப்புப் பதிவு, பெயரில்லாமல் ‘பெண்’ என்று.
போன தையில் வாக்காளர் அட்டை வந்தது.
படத்தில் அக்கா முறைத்துக்கொண்டிருந்தாள்,
கேமராக்காரனும் கையெழுத்துக் கேட்பான் என்பதுபோல.

நான் அறிந்த நாலு தேர்தலிலும்
வேட்பாளர் ஜீப் எங்கள் வாசலில்
வேகத்தடைக்காக மட்டும் மெதுவானது.
இந்த முறை நின்றது.
உள்ளே ஒரு வோட்டு இருக்கிறதாம்.
ஆரத்தித் தட்டை அவர்களே கொண்டுவந்து
எங்கள் பெண்கள் கையில் கொடுத்து
அவர்களே சுற்றவைத்தார்கள்.
ரோஸ்லின் மனுவை நீட்டினார்.
முந்நூற்றுச் சொச்சம் கையெழுத்து, ஒரே கோரிக்கை:
அந்த ‘சட்டவிரோத’ என்கிற சொல்லை எடுத்துவிடுங்கள்,
மிச்சத்தை நாங்களே மனுப்போட்டு வாங்கிக்கொள்கிறோம்.
“அது டெல்லி விஷயமாச்சேம்மா” என்றவர்
அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார்.
“அப்ப என்ர வோட்டையும் டெல்லியிலயே கேளுங்கோ.”
மேளம் அடிப்பவர்கள்
நிறுத்துவதா அடிப்பதா என்று பார்த்தார்கள்.

வாக்குச்சாவடிக்கு அவளோடு போனேன்.
நூறு மீட்டர் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
கோடு கோணல்.
அது என் வேலையில்லை.
உள்ளே பெயரை வாசித்தபோது
“ஓம்” என்றாளாம்.
ஏஜென்ட்டுகள் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்களாம்.
வெளியே வந்து விரலை நீட்டி,
“டர்பன்டைனில போகுமோடா?”
போகாது என்றேன்.
பெயின்ட் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

சனிக்கிழமை செக்கிங்.
பதிவேட்டில் அக்கா பெயர்மேல் சிவப்புக் கோடு.
இந்தியருக்கு முகாமில் வீடு கிடையாது,
மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லு என்றார்
கியூ பிராஞ்சுக்காரர், கோபமில்லாமல்.
செங்குன்றத்தில் வாடகை ஆறாயிரம்,
அட்வான்ஸ் முப்பது.
அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு
தண்ணீர் லாரிக்குப் போய்விட்டாள்.

வரிசை நகர்ந்தது.
தர்மபாலன். குகராணி. குகராணி மகன்.
எங்கள் வீட்டு எண் வந்ததும்
அவர் விரல் ஒரு வரியைத் தாண்டி
என் பெயருக்கு இறங்கியது.
தாண்டிய அந்த இடத்தில்,
பிறந்ததிலிருந்து ‘ஆமா’ என்றே பேசிப் பழகிய நான்
“ஓம்” என்றேன்.
“யார்ரா அது?”
என்று தலை தூக்கினார்.