விரல் ஈரம்

படிக்கல்லை வெறுங்கையால் தொடக்கூடாது.
பயிற்சியின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.
வியர்வையும் எடைதான்,
பித்தளை அதைக் குடித்து வைத்துக்கொள்ளும்.
அதனால் மரப்பெட்டிக்குள்
சிவப்பு வெல்வெட்டுக் குழிகளில் பதினொரு கல்லும்
மடித்த துணி ஒன்றும்.

வெள்ளிக்கிழமை.
காரைக்குடி, கல்லுக்கட்டி,
வயிரவன் செட்டியார் மளிகை.
மோதிர விரல் ஒரு சொடுக்கு.
நாற்காலி வந்தது,
மின்விசிறி என் பக்கம் திரும்பியது,
டபராவில் நுரை பொங்கக் காப்பி.
"போன வருஷமும் சரியாத்தான இருந்துச்சு."
ஒரேயொரு கல்லை வைத்தேன். ஒரு கிலோ. சரி.
ஐம்பது கிராமை வைக்கவில்லை,
இருபதை வைக்கவில்லை,
தட்டின் மூலைகளில் நகர்த்திப் பார்க்கவில்லை.
முத்திரை குத்தினேன்.
வெல்வெட்டில் பத்துக் கல் தூங்கின.

ஞாயிறு, செக்காலைக் கோயிலில் வாசிப்பு.
சபைக்குள் பொன்மோதிரக்காரன் நுழைந்தால்
உங்கள் கண் எங்கே போகிறது
என்று கேட்கிற பகுதி.
பிரசங்கத்தில் முகதாட்சணியம் என்ற சொல்லை
பாதிரியார் நடுவில் உடைத்துக் காட்டினார்:
முகம். தாட்சணியம்.
நான் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டேன்.
காப்பி இன்னும் அங்கேயே இருந்தது.

திங்கள், சந்தை.
ஏழைகள் பக்கம் நிற்பதென்று முடிவு செய்தே
ஜீப்பிலிருந்து இறங்கினேன்.
என் அம்மா இப்படிச் சந்தைகளில் கருவாடு விற்றவள்.
மித்திராவயல் ஆவுடையாயி,
சாக்கு விரிப்பு, கத்தரிக்காய், சுண்டைக்காய், கைத்தராசு.
என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.
உட்காரச் சொன்னேன்.
சரியாக உள்ளது என்று மனதுக்குள் எழுதி
கீழே கையெழுத்தும் போட்டாயிற்று.

பிறகுதான் கல்லைத் திருப்பினேன்.
அடியில் ஈயம் உதிர்ந்த குழி.
குழிக்குள் புளி.
"எடை கொறையக் கூடாதுன்னுதான் தாயி அடச்சேன்."
நிரப்பவா, மறைக்கவா?
பதிலை அவள் முகத்தில் தேடினேன்.
முகத்தில் தேடுகிறேன் என்பது
தேடி முடித்த பிறகே உறைத்தது.

என் தராசில் வைத்தேன்.
நாற்பத்திரண்டு கிராம் குறைவு.

விட்டுவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள்?
அப்போது சித்தாள் ஒருத்தி
புருவமெல்லாம் சிமெண்டுத் தூசியோடு
முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி குந்தினாள்.
"ஒரு கிலோ போடுக்கா."
இவளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பெரியவனென்று குனியாதே என்ற அதே வேதம்தான்
எளியவனென்றும் சாயாதே என்கிறது.
முதல் பாதி எல்லாருக்கும் பிடிக்கும்.

கல்லைப் பறிமுதல் செய்தேன்.
ரசீதில்
சட்டம் இடங்கொடுத்த ஆகக் குறைந்த தொகை.
அதுவும் சாய்வுதானா? தெரியவில்லை.
ஆவுடையாயி ரசீதை வாங்கி
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.
பக்கத்து வெங்காயக்காரன் மண்ணில் துப்பினான்.
"செட்டியார் கடைக்குள்ளயும் இப்புடிப் போவீகளா?"

போனேன்.
நாற்காலி வந்தது.
அதில் பெட்டியை உட்காரவைத்தேன்.
பதினொரு கல்லும் ஒவ்வொன்றாக,
நான்கு மூலையிலும், நடுவிலும்,
ஏற்றியும் இறக்கியும்.
வாடிக்கையாளர்கள் பையோடு காத்து நின்றார்கள்.
ஒரு மயிரிழை பிசகில்லை.

செட்டியார் எதுவும் கேட்கவில்லை.
எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

அந்த ஏமாற்றத்தை
எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியாமல்
ராத்திரி கற்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்,
ஐந்து கிராம், இரண்டு, ஒன்று.
நகக்கண்ணில் கொஞ்சம் புளி.