ரசமட்டம்

பண்டாரவளையில் எட்டுப் பேர்ச்.
எங்கட கணக்கில் ஒரு பரப்பும் வராது.
புரோக்கர் அனுப்பிய வீடியோவில்
வீடுகள் ஒன்றின் தலையில் ஒன்று நிற்கின்றன;
மேல் வீட்டில் உதறும் பாயின் தூசு
கீழ் வீட்டுக் கூரையில்.

நான் மேசன்.
தருமபுரத்தில் இருபது வருசமாய்
மட்டமான நிலம் பார்த்தே பழகிய கண்.
போன மாதம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன்:
அணைச்சுவரில் விரல் நுழையும் வெடிப்பு.
யாரோ சீமெந்து பூசி
பக்கத்தில் திகதியும் எழுதியிருந்தார்கள்.
பூச்சும் வெடித்திருந்தது.

"மழைக்கு மண் இறங்கும்" என்றேன் தவமலரிடம்.
அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
சட்டி விளிம்பில்
கிணற்றுத் தண்ணி விட்ட வெள்ளைப் படை.
"இறங்குறதெண்டால் சத்தம் கேக்கும்தானே."
பிறகு, கொஞ்சம் பொறுத்து:
"இஞ்ச அண்டைக்கு
முதுகு வைக்க ஒரு மேடு இருந்ததே?
வயலும் வெளியும்.
வானம் முழுக்க எங்களையே பாத்துக்கொண்டு."

நான் பங்கர் வெட்டியதைச் சொல்லவில்லை.
அரை ஆள் ஆழத்தில் தண்ணி ஊறியது
அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் வேணுமாம்.
தர்சிகன் கேட்பது வேறு:
அங்க சைக்கிள் ஓடலாமா?
ஏறேக்க உருட்டலாம், என்றேன்.
இறங்கேக்க?

இரவு, வாசற்படியில் ரசமட்டத்தை வைத்து
டோர்ச் அடித்துப் பார்க்கிறாள் அவள்.
குமிழி நடுவில்.
"இது சரியாத்தான் நிக்குது" என்கிறாள்,
குற்றம் சொல்வதுபோல.