பிரிஜ்ஜின் பின்புறம்

இருபத்திரண்டு வருஷம் குளிரைத் திருத்தியவனிடம்
சூடு கேட்டு வந்தது ஓர் ஆமை,
கார்த்திகை முதற்கிழமை,
பிஸ்கட் பெட்டிக்குள், ஒரு கட்டுப் பொன்னாங்காணியோடு.

தூக்கி வந்தவர் பூபாலபிள்ளை ஐயா,
ஸ்டேஷனில் டிக்கட் கொடுத்து ஓய்ந்த மனிதர்.
மகளிடம் ஸ்காபரோ போகிறார், சித்திரை மட்டும்.
"இதுகள வளக்கக் கூடாதாமே?" என்றேன்.
"நான் எங்க வளத்தன்?
வெள்ளத்தோட வந்திச்சி. போகச் சொல்லிப் பாத்தன். போகல்ல."

கரிச்சட்டியில் யாரோ மஞ்சளால் கோடிழுத்து
பாதியில் எழும்பிப் போன மாதிரி முதுகு.

மாரி அதற்கு ஆகாதாம்.
நிலம் ஊறினால் மூக்கால் தண்ணீர் ஓடுமாம்,
வாயால் மூச்சு வாங்குமாம்.
"மறுகா ஒண்டும் செய்ய ஏலாது.
இருபத்தெட்டுக்குக் கீழ விட்டுராத."
விமானத்துக்குப் போகிறவர் எனக்கு விட்டுப்போனது
ஓர் எண்.

கடையில் கிடந்தது ஒரு செத்த பிரிஜ்.
கம்பிரசர் இறுகி, காஸ் போய்,
சொந்தக்காரன் கட்டார் போய் மூன்று வருஷம்.
கதவைக் கழற்றினேன். மல்லாத்தினேன்.
மூன்று விரல் தும்புத்தூள், மேலே காய்ந்த வைக்கோல்,
விளிம்பு உடைத்துக் கவிழ்த்த தயிர்ச்சட்டி ஒன்று, ஒளிந்துகொள்ள.
தண்ணீருக்கு மீன்டின் மூடி.

பல்ப்தான் வில்லங்கம்.
ஆரையம்பதியில் இல்லை. காத்தான்குடியில் ஐந்து கடை ஏறினேன்.
எல்லாம் எல்.ஈ.டி.,
கண் கூசும் வெளிச்சம், தொட்டால் பச்சைத்தண்ணீர்.
கடைசியில் தாளங்குடா கோழிப்பண்ணை றொபின்சன்
குஞ்சுக் கூட்டின் மேல் தொங்கிய நூறு வோட்டைக் கழற்றித் தந்தான்.
"அடுத்த குஞ்சு வரமுதல் தந்துரு."

ஒரு மூலையில் பல்ப். மறுமூலை இருட்டு,
விருப்பமானதை அதுவே எடுக்கட்டும்.
மேலே கம்பிவலை. தேமாமீட்டர் இருபத்தொன்பது.
கையை இடுப்பில் வைத்து நின்று பார்த்தேன்,
வீடு கட்டி முடித்தவன்போல.

இரவு இரண்டு மணிக்கு ஐயாவின் குரல் போனில் விழும்:
"இஞ்ச சைபருக்குக் கீழ பதினெட்டு. மூக்கு முறியிது.
அது எப்பிடி இரிக்கி?"
பல்பின் கீழ் ஒரு படம் எடுத்து அனுப்புவேன்.
செவ்வரத்தம்பூ தின்னும்போது இன்னொன்று.

மார்கழியில் ஐந்து நாள் விடாத மழை.
முகத்துவாரம் வெட்டியும் வாவி இறங்கவில்லை,
ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர்.
கரண்ட் போயிற்று.
இரண்டு சோடாப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி,
சாரத்துண்டு சுற்றி, சட்டிக்கு இருபுறமும் வைத்தேன்.
வலையை இழுத்து மூட மறந்து படுத்தேன்.

விடியப் பார்த்தால் சட்டி இருக்கிறது, போத்தல் இருக்கிறது,
ஆமை இல்லை.

செப்புக் குழாய்ச் சுருளுக்குள், காஸ் சிலிண்டருக்குப் பின்னால்,
வாசல் வெள்ளத்தில்கூட, டோர்ச் அடித்துத் தேடினேன்.
இதற்குள் கரண்ட் வந்திருந்தது, எப்போதோ.
நிஹாறா ராத்தாவின் யோகட் பிரிஜ்,
நேற்றுத் திருத்தி, சோதிக்க விட்டது,
மூலையில் தன்பாட்டில் உறுமிக்கொண்டிருந்தது.
அதன் முதுகோடு ஒட்டி, கம்பிரசருக்குக் கீழே,
நாலு காலையும் நீட்டி.

ஓட்டைத் தொட்டேன்.
பிளேன்டீக் கிளாஸ் கைக்கு வந்த சூடு.

எத்தனை தரம் அந்த இடத்தில் என் கை வெந்திருக்கிறது!
உள்ளேயிருக்கிற சூட்டை அள்ளிப் பின்னால் கொட்டுவதுதான் குளிர்.
பழக வந்த பொடியன்மாருக்கெல்லாம் சொன்னவன் நான்.
கொட்டியதை யாருக்காவது ஆகுமா என்று பார்க்கவில்லை.

பத்து மணிக்கு ராத்தா ஆட்டோவோடு வந்தா.
"திருத்தியாச்சா?"
"இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும். பாக்கணும்."
"நல்லாத்தானே ஓடுது?"
குனிந்தா. பார்த்தா. முக்காட்டை இழுத்து வாயைப் பொத்தினா.
மறுகா ஆட்டோவிலிருந்து இறக்கினா,
நாற்பது யோகட் கோப்பை.
"எங்க வச்சாலும் உறையத்தானே வேணும்.
கரண்ட் காசு உன்ட பாடு."

பல்ப் தாளங்குடாவுக்குத் திரும்பிப் போயிற்று, குஞ்சு வந்துவிட்டது.
ஐயாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
பல்பின் கீழ் எடுத்த படம்
ஏழு மிச்சம் இருக்கிறது.