வஃப்ராவில் தலைவர்

பதினாலாம் நம்பர் வெள்ளரிக் கூடாரத்தில்
வழிவிட்டானைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவோம்.
முதலில் கிண்டலுக்கு.

கீரனேந்தல் ஊராட்சியில் ஐந்து வருடம் இருந்தவர்.
அதற்கு முன் முண்டு மிளகாய் போட்டவர்.
அதற்குப் பின் கடன்காரர்.
இப்போது குவைத் மணலில்
சொட்டுக்குழாய் அடைப்பு எடுக்கிறார்,
ஒரு குண்டூசியால்.

ஆகஸ்டில் நாலு நாள்
கேம்புக்குத் தண்ணி வண்டி வரவில்லை.
செடிக்கு வந்தது.
கோழி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து
மனு எழுதினார்:
பெறுநர், பொருள், ஐயா.
தமிழில்.
பீகார்க்காரனும் நேபாளியும் வங்காளியும்
படிக்கத் தெரியாத அட்டையில்
கையெழுத்துப் போட்டார்கள்.
எகிப்து எஞ்சினியர் ஹம்தி
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்,
கையெழுத்தை மட்டும் எண்ணினார்.
அறுபத்து மூன்று.
சாயங்காலம் வண்டி வந்துவிட்டது.

முக்கால் டேங்குக்கு முழு டேங்க் என்று
ரசீதில் எழுதிக் கொடுத்து
டிரைவரிடம் அவர் ஒரு தினார் வாங்குவதை
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
"ஊர்ல இதுக்குப் பத்து பர்சென்ட்டுன்னு பேரு.
இங்க பேரே இல்ல,
அதான் கொறச்சு வாங்குறேன்."

இந்தத் தடவை கீரனேந்தல் பெண்களுக்கு ஒதுக்கீடு.
இருளாயி நின்றாள், பூட்டு சாவி சின்னத்தில்.
போஸ்டரில் அவள் படம் தபால்தலை அளவு,
இவர் படம் கதவு அளவு.
தினம் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஓட்டுக் கேட்டார்.
கூடாரத்து ஃபேன் இரைச்சலை
ஊர் முழுக்க
கூட்டத்தின் இரைச்சல் என்று நினைத்ததாம்.

பதினோரு ஓட்டில் ஜெயித்தாள்.
எங்களுக்கெல்லாம் பெப்சி.

மறுவாரம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்,
நாங்கள் கேட்கட்டும் என்றுதான்:
"ஊருணிக் கரை வேலைய
நம்ம சேதுராசுக்கே குடுத்துரு."

"டெண்டர் விட்டாச்சு," என்றாள் இருளாயி.
"பூவாணிக்காரன் கம்மியாக் கேட்டான், அவனுக்குப் போயிருச்சு.
கிராம சபைக்கு ஆளுக வந்துட்டாக.
வைக்கிறேன்."

கொஞ்ச நேரம் போனையே பார்த்தார்.
பீகார்க்காரன் வழக்கம்போல "தலைவர்!" என்றான்,
அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்.
"தலைவர் வீட்டுக்காரர்னு சொல்லுடா"
என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.
அவனுக்கு அது வாயில் நுழையவில்லை.

அன்று வண்டி இருட்டியபின் வந்தது.
ரசீதைத் தொடைமேல் விரித்து
பேனாவை வைத்தபடி
ரொம்ப நேரம் நின்றார்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
திரும்பவும் அடித்தான்.